மூன்றாம் கேள்வி

ஜனவரி 12
அக்கா எழுதியது

இல்லை வாண்டு, கால்வலி காரணமில்லை. மூன்றாம் தளத்தை எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்வதற்குக் கால்வலி என்று போன கடிதத்தில் எழுதினேன். நீ நம்பவில்லை. சரி, உண்மையைச் சொல்கிறேன். அங்கே எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள். நேரம் உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. இதற்குப் பெயர் பயம் என்று நீ சொன்னால், வைத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் சுகமா? அம்மாவின் இருமல் இறங்கியதா? நான் நன்றாக இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் கழுத்தில் மருத்துவமனை கொடுத்த ‘பயிற்சி ஊழியர்’ அட்டை. படத்தில் திருட்டு முழி. லிப்ட்காரர் தினமும் கேட்கிறார்: “யாரப் பாக்க வந்தீங்க?” நானும் தினமும் சொல்கிறேன்: “எல்லாரையும்.”

சிற்றாலயம் தரைத்தளத்தில். பன்னிரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மைக். புதன்கிழமை காலை ஜெபம் ஒலிபெருக்கி வழியாக எல்லா வார்டுக்கும் போகும். பாட்டும் வாசிப்பும் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் நோயாளிகளுக்காக வாய்விட்டு ஜெபிக்கலாம். யாருக்கு என்ன துயரம் என்பது நாற்காலியில் இருப்பவர்களைத் தாண்டக் கூடாது. கண்டிப்பான விதி. இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவள் கையில் மறுபடி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். மூத்த போதகர் சொல்கிறார்: “பாத்தும்மா, உங்க குரலக் கேட்டு எல்லாரும் பெட்டி படுக்கையோட கிளம்பிடப் போறாங்க.”

ஜூன் 7 நேர்காணல். பயிற்சியில் எனக்கு வழிகாட்டும் போதகராக நீ எழுத வேண்டிய வழித்துணைக் கடிதம் மே மாதக் கடைசிக்குள் தேர்வுக் குழுவுக்குப் போய்விட வேண்டும். அதை வைத்துத்தான் எனக்குக் குருப்பட்டம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். சொந்தத் தங்கச்சியே வழித்துணையாக இருக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். “அக்காவப் பத்தித் தங்கச்சிய விடக் கறாரா யாரு எழுதுவா?” என்று தலைவர் சிரித்தாராம். எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இனி உன் மூன்று கேள்விகள். இருவரும் எழுத வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

யாருக்காக ஜெபித்தேன்? ஒன்பதாம் கட்டில் தச்சருக்காக. வண்டி கவிழ்ந்து இடது கால் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. அதே விபத்தில் மகன் போய்விட்டான். இருபத்து நான்கு வயது. அவன்தான் ஓட்டினானாம், கண்ணயர்ந்துவிட்டானாம்.

யாரைத் தவிர்த்தேன்? அதே தச்சரை.

எதைச் சொல்லாமல் விட்டேன்? முதல் பத்தியில் சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜனவரி 27
தங்கை எழுதியது

அக்கா,

எல்லாரும் நலம். அம்மாவுக்கு இருமல் போய்க் கோபம் வந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஊழிய விஷயம், காட்ட முடியாது என்றேன். “என் வயித்துல பொறந்ததுங்களுக்குள்ள எனக்குத் தெரியாம என்னடி ரகசியம்?” என்று இரண்டு நாள் பேசவில்லை. காது மந்தமானாலும் ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து என் பிரசங்கத்துக்கு மதிப்பெண் போடுகிறாள். போன வாரம் நாற்பது. “கத ஒண்ணும் சொல்லலையேடி.”

அவள் சொல்வது நிஜம். பன்னிரண்டு வருடம், வாரம் ஒன்று. என் கதைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. என் வீட்டுக்காரர் குறட்டை விடுவதைக்கூட ஒரு பிரசங்கத்தில் வைத்தாயிற்று.

தச்சரிடம் போ. பதில் கொண்டு போகாதே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். அவர் மௌனமாக இருந்தால் நீயும் இரு. நீ அறிவிப்புச் சொல்லிப் பழகியவள். இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ ரயில் தவறிவிட்டதாக உனக்குப் பதறும். தவறட்டும்.

எனக்கு முன்னால் பிறந்தவளுக்கு நான் வழி சொல்வது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பின்னல் போட்டுவிட்டவள் நீ. இழுத்த இழுப்பு இன்னும் வலிக்கிறது. அதற்கு இப்போது பழி வாங்குவதாக வைத்துக்கொள்.

யாருக்காக: உனக்காக, பெயர் தெரியாத தச்சருக்காக. யாரைத் தவிர்த்தேன்: அம்மாவை, இரண்டு நாள். சொல்லாமல் விட்டது: ஒன்றுமில்லை.

வாண்டு


பிப்ரவரி 20
அக்கா எழுதியது

வாண்டு,

அம்மாவிடம் என் முத்தத்தைக் கொடு, கோபம் தீர்ந்திருந்தால். எனக்கு ஜலதோஷம், பெரிதாக ஒன்றுமில்லை.

போனேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நாள் அவர் பேசியதெல்லாம் மரம். “உங்க ஸ்பீக்கர் பொட்டி மட்டமான ப்ளைவுட்டும்மா, அதான் அதிருது.” “இந்தக் கட்டில் ஒரு கால் குட்டை, யாருக்கும் கண்ணில்லயா?” நான் மடித்த காகிதத்தை அந்தக் காலுக்குக் கீழே செருகினேன். ஆட்டம் நின்றது.

ஆறாம் நாள், “திரைய இழுங்கம்மா” என்றார். இழுத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் பேசினார். பேசியதை உனக்கு எழுத மாட்டேன்.

முடித்துவிட்டுக் கேட்டார்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“உங்க பெரிய போதகர்கிட்ட?”

“மாட்டேன்.”

“கடவுள்கிட்ட?”

“அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே.”

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மனைவி சாப்பாட்டு அடுக்கோடு வந்தாள். தினமும் பதினோரு மணிக்கு வருவாள், ஊட்டிவிடுவாள். நான் கிளம்பும்போது என்னோடு லிப்ட் வரை வந்தாள். மகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகச் சொன்னாள். “அப்பனக் கொல்லப் பாத்தவன் படம் எதுக்கும்மா?” குரலில் அழுகை இல்லை. லிப்ட் வந்தது. நான் ஏறாமல் நின்றேன். கதவு மூடிக்கொண்டது.

இதைத் தாங்க முடியவில்லை வாண்டு. அவள் தினமும் அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டே ஊட்டுகிறாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்.

ஜெபம்: மூவருக்காகவும். உயிரோடு இல்லாதவனுக்காகவும் என்று எழுதினால் குழு ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை.

தவிர்த்தது: அவர் மனைவியின் கண்ணை.

சொல்லாதது: திரைக்குள் கேட்டது. அது சொல்லாமலே இருக்கட்டும்.

அக்கா


பிப்ரவரி 28
தங்கை எழுதியது

அக்கா,

இங்கே சுகம். ஜலதோஷத்துக்கு வெந்நீர் குடி, மருந்தை நீயே தீர்மானிக்காதே.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எழுதாமல் விட்டாய் பார், அதுதான் ஊழியம். வழித்துணைக் கடிதத்தின் முதல் வரி எனக்குக் கிடைத்துவிட்டது: ‘இவர் வாய் காக்கத் தெரிந்தவர்.’

தாங்க முடியாதபோது நான் செய்வதைச் சொல்கிறேன். பெயரில்லாமல் ஜெபி. ஊர், வயது, தொழில் எதுவும் வேண்டாம். ‘ஒரு மனிதர்’, ‘ஒரு தாய்’. ஜெபத்தில் பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை, பாரம் இறங்கிவிடும். இத்தனை வருடமாக எனக்கு அதுதான் வடிகால்.

யாருக்காக: நீ சொன்ன மூவருக்காக. தவிர்த்தது: இந்த வாரம் யாரையும் இல்லை. சொல்லாதது: ஒன்றுமில்லை.

வாண்டு


மார்ச் 14
அக்கா எழுதியது

வாண்டு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை. மூத்த போதகர் விடுப்பு. நாற்காலிகளில் ஏழு பேர். பாட்டு முடிந்தது, வாசித்தேன். பிறகு நோயாளிகளுக்கான ஜெபம். நீ சொன்ன மாதிரியே, பெயரில்லாமல். கண்ணை மூடிக்கொண்டேன். வார்த்தை தானாக வந்தது. “செத்துப்போன பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிற ஒரு தகப்பனைத் தொடும் ஆண்டவரே. வண்டியை ஓட்டியது நான்தான் என்று சொல்ல அவருக்கு வாயைக் கொடும். தன் பிள்ளையை வெறுத்துக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடும்.”

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மறந்துவிட்டேன்.

மூன்றாம் தளத்துக்குப் படியில் ஓடினேன். அன்றைக்கென்று தச்சரின் மனைவி சீக்கிரமே வந்திருக்கிறாள். அடுக்கை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டாக, அழுத்தி. தச்சர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். இடுப்புக்குக் கீழே திரும்ப முடியாது. மேல்பாதி மட்டும் முறுக்கிக்கொண்டு.

“எங்க வீட்டுக்காரருக்குத்தானே ஜெபம் பண்ணீங்க?”

நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன்.

“நல்ல குரலும்மா உங்களுக்கு. எல்லாத் தளத்துக்கும் கேட்டுச்சு.”

போய்விட்டாள். மற்ற கட்டில்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் “இன்னிக்கு ஜெபம் ரொம்ப உருக்கம்” என்றார்.

மூத்த போதகர் வந்து கேட்டார், “சுவிட்ச அணைக்க மறந்துட்டீங்களாமே?” ஆமாம் என்றேன். “புதுசில எல்லாருக்கும் நடக்குறதுதான். யார் பேரும் சொல்லலயே?” சொல்லவில்லை என்றேன். அதோடு விட்டுவிட்டார். அவருக்கு அது ஒரு சுவிட்ச்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. வண்டியை ஓட்டியது தச்சர். மகன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் கண் விழித்ததும் யாரோ கேட்டார்கள், அவர் வாயில் மகன் என்று வந்துவிட்டது. பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

வழித்துணைக் கடிதத்தில் இதை எழுதுவாயா? எழுது. எழுதாதே. எனக்குத் தெரியவில்லை.

ஜெபம்: வரவில்லை.
தவிர்த்தது: ஒன்பதாம் கட்டில்.
சொல்லாதது: எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 9
தங்கை எழுதியது

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சபையில் வேலை அதிகம். அம்மா நலம், இவரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நடந்தது நடந்துவிட்டது. உன் மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே. பெயரில்லாமல் ஜெபி என்று சொன்னது நான். நீ மறந்தது ஒரு சுவிட்சை. மனுஷி மறப்பாள்.

தச்சரிடம் போய் மன்னிப்புக் கேள். நீட்டாதே. விளக்கம் சொல்லாதே.

கடிதம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிப்பேன். இதைப் பற்றி நீ யாரிடமாவது பேசினாயா? உன் சபையில், மருத்துவமனையில்? பேசாமல் இருப்பது நல்லது.

யாருக்காக: உனக்காக.
தவிர்த்தது: அம்மாவை.
சொல்லாதது: ஒன்றுமில்லை.

வாண்டு


ஏப்ரல் 24
அக்கா எழுதியது

வாண்டு,

சுகமா? உன் கடிதம் உன் கடிதம் மாதிரி இல்லை. ஒரு கிண்டல்கூட இல்லை. மறுபடி அம்மாவை ஏன் தவிர்க்கிறாய்?

மன்னிப்புக் கேட்டேன். நீட்டவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “காதுல சொன்னத மைக்குல சொல்லத்தான் உங்களப் படிக்க வெச்சாங்களா?”

நின்றேன். “போங்கம்மா. வேற கட்டிலப் பாருங்க” என்றார்.

அவர் மனைவி வருவதில்லை. ஒரு தடவை வந்து அவருடைய சீப்பையும் இரண்டு துண்டையும் செவிலியரிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். மருத்துவமனைச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறார். கட்டில் மறுபடி ஆடுகிறது. நான் செருகிய காகிதத்தைத் துடைப்பவர்கள் எடுத்திருக்க வேண்டும். புதிதாக ஒன்றை மடித்துக் கையில் வைத்திருக்கிறேன். குனிந்து செருக முகமில்லை.

கடிதத்தில் என்ன எழுதப்போகிறாய் என்று கேட்கக் கூடாதென்று தெரியும். கேட்கிறேன்.

ஜெபம்: அவர் மனைவி படியேறி வர வேண்டும் என்று.
தவிர்த்தது: மைக். தொடவில்லை.
சொல்லாதது: பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மே 6
அக்கா எழுதியது (அஞ்சலட்டை)

கடிதம் வரவில்லை. அம்மாவுக்கு ஏதாவதா? ஒரு வரி போதும். இங்கே சுகம்.


மே 16
அக்கா எழுதியது

தங்கச்சிக்கு,

குழுத் தலைவர் வரச் சொன்னார். போனேன். பக்கத்தில் குழு உறுப்பினரான ஒரு பல் மருத்துவரும் இருந்தார். அவருடைய நாத்தனார் உன் சபையில் இருக்கிறாராமே. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

மருத்துவர் சொன்னார்: “போன மார்ச் கடைசி ஞாயிறு உங்க தங்கச்சி பிரசங்கத்துல ஒரு கத சொன்னாங்களாம். நாவடக்கம் பத்தி. ஆஸ்பத்திரியில ஊழியம் பண்ற ஒருத்தங்க, நோயாளி ரகசியமாச் சொன்னத ஜெபத்துல போட்டு உடைச்சிட்டாங்களாம், மைக் ஆன்ல இருந்துச்சாம். பேரு சொல்லல. ஆனா ஒண்ணு சொன்னாங்களாம்: அவங்க முன்னாடி ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு பண்ணவங்கன்னு.”

தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “சபையே சிரிச்சுதாம்” என்றார் மருத்துவர், மெதுவாக. குத்திக் காட்ட அல்ல. தகவலாக.

“இது நீங்களாம்மா?” என்று தலைவர் கேட்டார்.

நேர்காணலில் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். மூத்த போதகருக்கும் சொல்லிவிட்டார்கள். புதன் ஜெபத்தை இனி அவரே நடத்துவார். எனக்கு நாற்காலி போடும் வேலையும் சுவிட்ச் போடும் வேலையும்.

மார்ச் கடைசி ஞாயிறு. உன் கடிதம் ஏப்ரல் 9. அதில் மூன்றாம் கேள்விக்கு நீ எழுதிய பதிலை எடுத்துப் படித்துப் பார். நான் படித்தேன்.

நான் மறந்தது சுவிட்சை. நீ எதை மறந்தாய்?

அக்கா


மே 24
தங்கை எழுதியது

அக்கா,

அம்மா சுகமாக இருக்கிறாள். அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

அன்று பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தேன். வாசலில் எல்லாரும் கை குலுக்கினார்கள். இந்த வருடத்தின் நல்ல பிரசங்கம் என்றார் ஒருவர். அம்மா கடைசியாக வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. “நம்ம பெரியவளப் பத்தியாடி சொன்ன?” என்றாள். காது மந்தம் என்று நினைத்திருந்தோமே. “அவ உன்ன நம்பித்தான எழுதுறா” என்றாள். அவ்வளவுதான். மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முதல் வரிசையில் உட்காருவதில்லை.

ஏன் செய்தேன் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், தலைப்பு நாவடக்கம், கையில் ஒன்றுமில்லை. உன் கடிதம் மேசை மேல் இருந்தது. பெயர் சொல்லப் போவதில்லையே என்று நினைத்தேன். கதைக்கு உயிர் வர ஒரே ஒரு விவரம் வேண்டியிருந்தது. ரயில் நிலையம் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. எழுதவே கூசுகிறது. பிடித்திருந்தது.

உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் மூன்றாம் கேள்வியில் வந்து நின்றேன். ஒருமுறை பொய் எழுதினேன். பிறகு எழுதவே இல்லை.

இப்போது இதைக் கேள். சரிசெய்துவிட்டேன். தலைவருக்கு எழுதிவிட்டேன். அந்தச் சம்பவம் எனக்கே நடந்தது, பதினோரு வருடத்துக்கு முன்னால், என் முதல் மருத்துவமனைப் பணியில். ரயில் நிலையம் என்பதை மட்டும் அக்காவை நினைத்துச் சேர்த்தேன் என்று. அவர் பதில் போட்டிருக்கிறார். ‘பல வருடத் தவறை மேடையில் ஒப்புக்கொண்டது உங்கள் பெருந்தன்மை’ என்கிறார். படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

வழித்துணைக் கடிதமும் போய்விட்டது. முதல் வரி முன்பு சொன்னதுதான். உனக்குக் குருப்பட்டம் தடைபடாது. எனக்கு ஒன்றும் ஆகாது. பழைய தவறு, ஏற்கெனவே பட்டம் பெற்றவள். நீ ஜூன் 7 அன்று எதையும் சொல்ல வேண்டாம். கேட்டால், தங்கை எழுதியிருக்கிறாளே என்று மட்டும் சொல். நான் உடைத்ததை நான் ஒட்டுகிறேன். இதையாவது செய்ய விடு.

யாருக்காக: கேட்காதே.
தவிர்த்தது: உன்னை.
சொல்லாதது: மேலே இருக்கிறது.

வாண்டு


மே 31
அக்கா எழுதியது

வாண்டு,

நான் சுகம். நீ சாப்பிடு, அம்மாவை முதல் வரிசைக்குக் கூப்பிடு. வரமாட்டாள். கூப்பிடு.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நிம்மதி வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அரை நாள் அந்த நிம்மதியோடு நடமாடினேன். லிப்ட்காரரிடம்கூடச் சிரித்தேன். பிறகு ஒன்பதாம் கட்டிலைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. ஓட்டியது நீ, தூங்கியது நான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். நான் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். சுவிட்ச் என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் இது எனக்குள் அசைந்தது.

அந்தச் சுவிட்சுக்கு மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. வார்டுகளுக்குக் குரல் போகிறது என்றால் எரியும். இருபத்திரண்டு வருடம் நான் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன், பார்த்துத்தான் மூடினேன். அதை மறக்க என்னால் முடியாது. நீகூட அதை யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டுக் கேட்காமல் இருந்தாய்.

நான் கண்ணை மூடவில்லை வாண்டு. பச்சை எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தேன். மனைவி சீக்கிரம் வந்திருந்ததும் தெரியும். அடுக்கோடு வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கும். அவரால் சொல்ல முடியாததைக் கடவுள் என் வாயால் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பாரம் அல்ல. பலம். நல்ல குரலும்மா என்று அவள் சொன்னபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்று அவரிடம் போனேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து காகிதத்தைச் செருகினேன். எழுந்து சொன்னேன். மறக்கவில்லை, தெரிந்தேதான் செய்தேன் என்று.

அவர் கட்டிலை அசைத்துப் பார்த்தார், ஆடவில்லை. பிறகு சொன்னார்:

“தெரியும்மா. ஸ்பீக்கர அணைச்சா இங்க ‘டக்’குன்னு ஒரு சத்தம் வரும். வாராவாரம் கேக்குறேன். அதோட உங்க பாட்டெல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அன்னிக்கு அந்த ‘டக்’குக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அது கேட்டதும் அவகிட்ட நானே சொல்லிடணும்னு காலையிலேயே முடிவு பண்ணியிருந்தேன். சோத்தக்கூட வாயில வாங்கல. அது கேக்கவே இல்ல.”

வாண்டு, அவர் சொல்லியிருப்பார். அவராகவே. அந்த ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

“நீங்களாவது எங்கிட்ட வந்து சொன்னீங்க” என்றார் கடைசியில். மன்னித்தார் என்று இதற்குப் பொருள் வைக்காதே. நானும் வைக்கவில்லை. அவர் மனைவி போன ஞாயிறு வந்தாளாம். உட்காரவில்லையாம். கட்டில் காலடியில் நின்றாளாம். மகன் படம் மறுபடி சுவரில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

குழுத் தலைவருக்கு எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. சம்பவம் என்னுடையது, மறதி இல்லை, பச்சை விளக்கைப் பார்த்தேன் என்று. பட்டத்தைத் தள்ளிவைப்பதா, வேண்டவே வேண்டாம் என்பதா, அவர்கள் பாடு. தச்சர் யார் என்பதை எழுதவில்லை. உன்னைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஆனால் நீ எழுதியதும் நான் எழுதியதும் ஒரே மேசையில் கிடக்கும், உன்னைக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. சொல்ல நினைத்தவளின் வார்த்தையை நான் பறிக்கக் கூடாது. ஒரு தடவை செய்தது போதும்.

உன் மேல் கோபம் இருக்கிறது. ரயில் நிலையம் என்றதும் சிரித்தார்களே, அந்த இடத்தில் இருக்கிறது. போக நாளாகும். அதுவரை எழுதுவதை நிறுத்தாதே. மூன்று கேள்விகளையும் எழுது. உன்னைத் தவிர எனக்கு வழித்துணை கிடையாது. உனக்கும் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜெபம்: உனக்காக, பெயர் சொல்லி, வாய்க்குள்.
தவிர்த்தது: இந்தக் கடிதத்தை, அரை நாள்.
சொல்லாதது: ஒன்றுமில்லை.

அக்கா


தங்கைக்கும் குழுத் தலைவருக்குமான இரண்டு உறைகளையும் ஒட்டி, அக்கா மருத்துவமனை வாசலில் இருந்த பெட்டியில் போட்டாள். புதன்கிழமை காலை பன்னிரண்டு நாற்காலிகளையும் துடைத்து வரிசையாகப் போட்டாள். மூத்த போதகர் பாடினார், வாசித்தார். நோயாளிகளுக்காக ஜெபிக்க அவர் கண்ணை மூடும் முன், அவள் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்கு அணையும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.